மூன்றாவது கை

புதிர் போடுகிறவன் முதலில் தன் அறியாமையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஜாஸ் அரைகுறையாகத்தான் தெரியும். பிடிவாதக்காரர்களை நன்றாகத் தெரியும். இது அப்படிப்பட்ட சிலரின் கதை. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

சென்னையில் ‘உப்புக்காற்று’ என்று ஒரு ஜாஸ் குழு இருந்தது. எட்வின் ஞானமுத்து சாக்ஸபோன், தமயந்தி பியானோ, ஹனீஃபா டிரம்ஸ். பதினோரு வருடத்தில் நான்கு ஆல்பம் போட்டிருந்தார்கள். ஜாஸில் எழுதிவைத்த மெட்டு கொஞ்சம்தான். மீதியெல்லாம் வாசிக்கிற நேரத்தில் மனதில் ஓடுவது. ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்தால் இரண்டு பாட்டு. அதனால் இவர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பதிவை வெட்டி ஒட்டக் கூடாது. எத்தனை முறை பதிவு செய்தாலும், மூன்று பேரும் சேர்ந்து கேட்டு, மூன்று பேரும் கைதூக்குகிற ஒன்றுதான் ஆல்பத்தில் வரும். இரண்டு கை போதாது. இந்தச் சட்டத்தால் எத்தனை நல்ல பாட்டு குப்பைக்குப் போயிற்று என்று ஹனீஃபா இன்றைக்கும் புலம்புவான்.

எட்வின் அதிகம் பேசாத மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார். வெந்நீர் தவிர எதையும் தொடமாட்டார். வாசித்தது மனசுக்கு நிறைந்துவிட்டால், சாக்ஸபோனின் வாயில் பொருத்துகிற ரீடை, அந்த மெல்லிய நாணல் சீவலை, கழற்றித் துடைத்துத் தகர டப்பிக்குள் வைத்து மூடுவார். நிறையவில்லை என்றால் அது வாத்தியத்திலேயே இருக்கும். தமயந்தி எது கேட்டாலும் எட்வின் மறுக்கமாட்டார். கூடப்பிறந்த தங்கை இல்லாத குறை அவருக்கு.

ஐந்தாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ‘ராணி’ என்று பெயர். மனைவி ஜெபராணிக்காக, கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து அவர் எழுதிய ஒரே மெட்டு. இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, “வரலை” என்றாராம். வந்தபோது அழகாக வந்திருந்தது.

வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழாமலிருக்க மூவரும் தனித்தனிக் கண்ணாடி அறையில். தமயந்திக்கு எட்வினின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதல் பதிவில், பாட்டின் நடுவே எட்வினுக்கு மூச்சு அறுந்துவிட்டது. கொஞ்ச நேரம் சாக்ஸபோனே இல்லை. பியானோ தனியாகத் தடுமாறிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது. பிறகு வந்து சேர்ந்தார், முன்னைவிடத் தணிவாக. கடைசி ஸ்வரம் அடங்கியது. ஏதோ மூடி சாத்துகிற சின்னச் சத்தம். அதன்பின் தமயந்தியின் குரல்.

“அண்ணா, நடுவுல விட்டுட்டீங்க. இன்னொண்ணு எடுத்துடலாமா?”

“சரிம்மா.”

இரண்டாவது பதிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசி ஸ்வரம் அடங்கியதும் ஹனீஃபா கைதட்டினான். எட்வின், “வீட்டுக்குப் போலாம்” என்று மட்டும் சொன்னார். அவ்வளவும் அந்தப் பதிவில் இருக்கிறது.

மறுவாரம் உட்கார்ந்து கேட்டுக் கைதூக்குவதாகப் பேச்சு. பதிவு முடிந்த நான்காம் நாள் காலை குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்த எட்வின் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது, இதயம். சாகிற வயதா அது?

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் மற்ற இருவரும் ஜெபராணியின் வீட்டில் கூடினார்கள். பாட்டை என்ன செய்வது?

“முதல்ல எடுத்ததைப் போடுவோம்க்கா. அண்ணன் அதுலதான் முழுசா இருக்காரு” என்றான் ஹனீஃபா.

தமயந்தி ஒப்பவில்லை. “அவருக்கு மூச்சு முட்டினதை ஊரெல்லாம் கேக்கணுமா? ரெண்டாவதுல ராஜா மாதிரி வாசிச்சிருக்கார். அதான் வரணும்.”

ஜெபராணி இருவரையும் பார்த்தாள். “ரெண்டும் வேண்டாம். அவர் கைதூக்கலை. உசுரோட இருந்தப்ப மூணு கை வேணும்னீங்க. இப்ப மட்டும் எப்படி ரெண்டு போதும்?”

தன் பெயர் வைத்த ஒரே பாட்டைத் தன் வாயாலேயே வேண்டாம் என்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அழுதாள். அழுகையோடு வேறெதையோ சொன்னாள்.

“ஸ்டுடியோவுல மூடின சாக்ஸபோன் பெட்டியை அவர் வீட்ல தொறக்கவேயில்ல. நேத்து நான்தான் தொறந்தேன். ரீடைக்கூடக் கழட்டாம வெச்சிருக்கார். காஞ்சு வளைஞ்சு கெடக்கு. அவ்வளவு களைப்பு பாருங்க.”

பிடிவாதம் மூன்று, பாட்டு ஒன்று, அதை எழுதியவர் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஹனீஃபா, தமயந்தி, ஜெபராணி, இவர்களில் நியாயம் யார் பக்கம்? ‘ராணி’ வெளிவரலாமா கூடாதா? வரலாம் என்றால், எந்தப் பதிவு?

விடை: ஜெபராணி பிடித்துக்கொண்ட சட்டம் சரி. ஆனால் எட்வின் கைதூக்காமல் போகவில்லை. முதல் பதிவின் முடிவில் கேட்டது தகர டப்பி மூடிய சத்தம். இரண்டாவதில் அது இல்லை. ரீடு வாத்தியத்திலேயே காய்ந்து கிடந்தது. மனம் நிறைந்து மூடிய டப்பியை, தமயந்தி இன்னொன்று கேட்டாள் என்பதற்காகத் திறந்து வாசித்திருக்கிறார். ஆக முதல் பதிவுக்கு எட்வினின் கை, ஹனீஃபாவின் கை இரண்டும் வந்தாகிவிட்டது. வராமலிருந்த மூன்றாவது கை உயிரோடிருக்கிற தமயந்தியுடையது. ஜெபராணி ரீடு என்றதும் பொறி தட்டி ஹனீஃபா பதிவைப் போட்டுக் காட்டினான். தமயந்தி அந்தச் சத்தத்தை நான்கு முறை கேட்டாள். “நான்தானே தொறக்க வெச்சேன்” என்றாள். பிறகு கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஜெபராணிதான் அதைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.