இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

ஒரு சமயம், தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில், முன் அறை மேஜைக்கு அடியில் ஒரு தட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. வயர் செருக எட்டு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கு. ஹப் என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேன் மெஷின் எல்லாவற்றின் வயரும் அதில்தான் வந்து சேரும். ஒருவர் பேசுவதை மற்றவருக்குச் சொல்வது அதன் வேலை. வெளியூருக்குப் போக வேண்டியதை மட்டும் பக்கத்திலிருக்கும் மோடத்திடம் கொடுத்துவிடும்.

அந்த ஹப்பில் ஒரு நீல வயர் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, மறுமுனையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. மறுமுனையில் இருந்த கம்ப்யூட்டரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஓட்டையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் அந்த முனையில் உடைந்து போயிருந்தது. எல்லாரும் உழைக்கிறார்கள், நான் மட்டும் தூசி தின்கிறேன் என்று அதற்கு ஓயாத மனக்குறை.

ஆயுத பூஜை வந்தது. முன் மேஜையைப் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லி துணியோடு மேஜைக்கடியில் புகுந்தாள். எதுவும் தொங்கிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. நீல வயரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, "நீ மட்டும் ஏன் அந்தரத்துல நிக்க?" என்று சொல்லி, காலியாக இருந்த இன்னொரு ஓட்டையில் அந்த முனையையும் செருகிவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

மறுநாள் காலை மெஷின்களை எல்லாம் போட்டார்கள். மேஜைக் கம்ப்யூட்டர் எழுந்ததும் வழக்கம்போல் குரல் கொடுத்தது.

"பிரிண்டர், எங்கே இருக்கிறாய்?"

ஹப் அதை எல்லா ஓட்டையிலும் சொன்னது. "இங்கேதான்" என்று பிரிண்டர் பதிலும் சொல்லிவிட்டது. ஆனால் கேள்வி நீல வயரின் ஒரு முனையில் நுழைந்து, மறுமுனை வழியாக ஹப்புக்கே திரும்பி வந்தது. யாரோ புதிதாகக் கேட்கிறார்கள் என்று நினைத்த ஹப் மறுபடி எல்லாருக்கும் சொன்னது. மறுபடி வயருக்குள் போனது, மறுபடி வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கேள்வி ஆயிரமாகி, பெட்டிக்குள் சந்தைக்கடை இரைச்சல்.

"பார்த்தாயா!" என்றது நீல வயர் மூச்சு வாங்க. "என் விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை. இந்த ஆபீஸில் என்னைவிட உழைக்கிறவர் யார்?"

ஹப் அடுத்த கேள்வியை எல்லா ஓட்டையிலும் கூவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுடலைமுத்துவைக் கொண்டுவந்தார்கள். லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்தவர். வெளியே காயம் பெரிதாக இல்லை. ஆனால் கண் திறக்கவில்லை. ஸ்கேன் எடுக்கும் இன்பராஜ் தலையைப் படம் எடுத்தான். படத்தைத் திருநெல்வேலி டாக்டர் பார்த்து, மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்று சொன்னால்தான், பூஜை லீவில் இருக்கும் ஆபரேஷன் ஆட்களை அங்கே கூட்டுவார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் வேன் தயாராக நின்றது.

படம் துண்டு துண்டாகப் பிரிந்து ஹப்பின் வாசலுக்கு வந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை.

"வழி விடுங்கள். ஒரு மனுஷர் அங்கே படுத்திருக்கிறார்" என்றது படம்.

"பிரிண்டர் எங்கே? பிரிண்டர் எங்கே?" என்று இடித்துத் தள்ளின கேள்விகள்.

"எக்கா, அப்படியே நிக்கு, நகர மாட்டேங்கு" என்றான் இன்பராஜ்.

செண்பகவல்லி மோடத்தை அணைத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. நெட் கம்பெனிக்கு போன் போட்டாள். "எங்க பக்கம் லைன் கிளியர், மேடம்" என்றார்கள். இன்பராஜ் திரையைத் தன் போனில் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணும் தெரியல தம்பி, முழுப் படமும் அனுப்புங்க" என்றார் அவர்.

சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, டாக்டரு என்ன சொல்லுதாவ?"

"படம் இன்னும் போகலைம்மா."

"என் கையால காப்பி வாங்கிக் குடிச்சுட்டுப் போன மனுஷன். இப்ப கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்காவளே!"

சிரித்த முகமாகவே பழகிய செண்பகவல்லிக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வயர் ஏதாவது லூசா இருக்கும்" என்று இன்பராஜ் மேஜைக்கடியில் புகுந்தான். ஒவ்வொரு வயராக அமுக்கினான். உண்மையிலேயே ஒன்றுதான் லூசாக ஆடியது. "இந்தா, இதுதான்!" என்று நீல வயரை நன்றாக உள்ளே தள்ளினான். ஹப்பின் விளக்குகள் முன்னைவிட வெறியோடு மினுங்கின.

வாசலில் நசுங்கிக்கொண்டிருந்த படம் நீல வயரைப் பார்த்துக் கத்தியது.

"நீ என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று ஒரு தடவையாவது பார்த்தாயா?"

நீல வயர் பார்த்தது. பிரிண்டர் எங்கே? அடுத்ததைப் பார்த்தது. பிரிண்டர் எங்கே? அதற்கடுத்ததும் அதேதான்.

"இதற்குத்தான் காலையிலேயே பிரிண்டர் பதில் சொல்லிவிட்டதே?"

"சொல்லிவிட்டது" என்றது ஹப் களைத்துப்போய். "என்னிடம் வாங்கி என்னிடமே கொடுத்துக்கொண்டிருக்கிறாய். உன் இரண்டு முனையும் என்னிடம்தான் இருக்கிறது."

"அப்போதே சொல்லியிருக்கலாமே!"

"கேட்டதைத் திருப்பிச் சொல்லத்தான் என்னை வாங்கினார்கள். யோசிக்கிற பெட்டிக்கு விலை அதிகம்."

நீல வயருக்கு அழுகை வந்தது. விலகினால் விளக்கு போய்விடும். மறுபடி தூசி, மறுபடி அந்தரம். ஒரே ஒரு நாள் கிடைத்த மரியாதை அது. மேலே பேச்சியம்மாள் புருஷனைப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

வெளியே வர எழுந்த இன்பராஜின் தலை மேஜையில் இடித்தது. ஹப் குலுங்கியது. மற்ற வயர்களைக் கிளிப் பிடித்துக்கொண்டது. நீல வயரின் அந்த முனைக்குக் கிளிப் இல்லை. பிடித்துக்கொள்வதும் விடுவதும் அதன் கையில்தான் இருந்தது.

விட்டுவிட்டது.

இரைச்சல் பட்டென்று நின்றது. படம் ஒவ்வொரு துண்டாக ஹப்பைத் தாண்டி, மோடத்தைத் தாண்டி, திருநெல்வேலி போய்ச் சேர்ந்தது.

போன் அடித்தது. "ரத்தம் கட்டியிருக்கு. உடனே ஏத்துங்க. தியேட்டரை நான் ரெடி பண்ணச் சொல்லுதேன்."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேச்சியம்மாள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்த இன்பராஜ் தலையைத் தடவிக்கொண்டே, "மோடத்தை ஆஃப் பண்ணிப் போட்டீயள்லா, அதான் லேட்டா வேலை செஞ்சிருக்கு" என்றான். செண்பகவல்லியும் தலையாட்டினாள். மோடமும் மறுக்கவில்லை, சும்மா வருகிற பேரை யார் வேண்டாம் என்பார்கள்?

மேஜைக்கடியில் இருட்டு. வேனின் சைரன் தூரத்தில் தேய்ந்துகொண்டே போனது.

"அவர் பிழைப்பாரா?" என்று கேட்டது நீல வயர்.

"தெரியாது" என்றது ஹப். "ஆனால், அவர் போகிற வழியில் இப்போது நீ இல்லை."