மொட்டைக்குறிச்சி கோப்பையைத் திருப்பிக் கொடுத்த விதம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பேச்சியம்மாளுக்கு எப்போதும் உண்டு. யாராவது மணி என்ன என்று கேட்டால் வாயால் சொல்ல மாட்டாள். சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுவாள். போகிற வழியில் முள் நகர்ந்துவிட்டால் அது கடிகாரத்தின் பொறுப்பு.

அப்படிப்பட்டவள் பள்ளிக்கூட ஆபீசில் தனியாக இருந்த நேரம் பார்த்துத்தானா அந்த போன் வரவேண்டும்?

அவள் மொட்டைக்குறிச்சி உயர்நிலைப் பள்ளியில் மணி அடிக்கிற ஆயா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மகள் முகிலா அதே பள்ளியில் எட்டாவது படித்தாள். பள்ளியின் ரோபோவை ஓட்டுகிறவளும் அவள்தான். அந்த ரோபோ தரையில் கிடக்கிற பொருளைக் கவ்வி, தன் பக்கத்துக் கூடையில் கொண்டுவந்து போடும். வேறொன்றும் தெரியாது. ஒரு காரியத்தையாவது முழுசாகத் தெரிந்தவர்கள் மொட்டைக்குறிச்சியில் குறைவு என்பதால் ஊரில் அதற்கு நல்ல மரியாதை.

போன வாரம் மாவட்டப் போட்டியில் அது பூலான்விளைப் பள்ளியின் ரோபோவை ஜெயித்திருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய கோப்பை. பரிசு கொடுத்தவர் தரையில் வைக்க, ரோபோவே அதைக் கவ்வி வாங்கியது. ஊர் முழுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மேளம் கொட்டி, வெடி போட்டு, பள்ளிக்கூடம் வரை ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். கவுன்சிலர் வண்ணமுத்து பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கும் வரை பேசினார். எல்லாருக்கும் லட்டு.

இப்போது போனில் போட்டி நடத்திய செயலாளர். அவர் சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் பேச்சியம்மாள் வாய்க்குள் அடக்கிக்கொண்டு, யாரிடமும் பேசாமல், எதிரே வந்த டீச்சரின் வணக்கத்துக்குக்கூட வாய் திறக்காமல், தலைமையாசிரியர் சங்கரபாண்டியிடம் ஓடினாள். பக்கத்தில் பி.டி. மாஸ்டர் ஞானராஜும் இருந்தார்.

"ஹலோ," என்று ஆரம்பித்தாள் பேச்சியம்மாள், செயலாளரின் குரலிலேயே. "மார்க் போட்டதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. டீ குடிச்சுட்டு வந்த நடுவர் எதிர்ப்பக்க நாற்காலியில உக்காந்துட்டாரு. இந்தப் பக்கத்து மார்க் அந்தப் பக்கம் போயிட்டு. நிஜமா ஜெயிச்சது பூலான்விளை. கோப்பைய எப்படி வாங்கிட்டுப் போனீங்களோ அப்படியே சனிக்கிழமைக்குள்ள அவங்க ஊர்ல கொண்டுபோய்ச் சேத்துருங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்க பள்ளிக்கூடத்தைச் சேக்க மாட்டோம். விளையாட்டு உணர்வோட எடுத்துக்குங்க. லொக், லொக். விஸ்ஸ்ஸ்."

கடைசியில் வந்தது என்ன என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"முதல்ல வந்தது இருமல் சார். அடுத்தது அவுக வீட்டு குக்கர்."

தலைமையாசிரியர் வெகுநேரம் யோசித்தார். இருமலை அவரே எடுத்துக்கொண்டார். விசிலைப் பி.டி. மாஸ்டரிடம் ஒப்படைத்தார். விளையாட்டு உணர்வும் அவருடைய இலாகாதான் என்பதால் மொத்தக் காரியமும் அவர் தலையில் விழுந்தது.

முகிலா அழவில்லை. அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய், "சரியாத்தானம்மா கேட்ட?" என்றாள். "அடுத்த வருஷம் போச்சுன்னா உன்னாலதான் போச்சுன்னு சொல்லிருவேன்." அதற்குப் பிறகு பேச்சியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஊர் கூடி ஆலோசனை செய்தது. கோப்பையைக் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மொட்டைக்குறிச்சிக்காரர்களுக்கு அடுத்தவர் பொருள் வேண்டாம். 'எப்படி வாங்கினீங்களோ அப்படியே' என்பதில்தான் சிக்கல்.

"கோப்பைய வாங்கிட்டு வரும்போது நம்ம முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார் ஞானராஜ்.

"பள்ளிக்கூடத்தைப் பாத்து," என்றது கூட்டம்.

"அப்ப கொடுக்கப் போகும்போதும் பள்ளிக்கூடத்தைப் பாத்துத்தான் இருக்கணும்."

"பஸ் ஸ்டாண்டு பின்னாலல்லா இருக்கு?"

"அதனால பின்பக்கமா நடக்கோம்," என்றார் ஞானராஜ். இவ்வளவு படித்த மனிதர் நம் ஊரில் இருக்கிறாரே என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள்.

பொன்னாடைகளைப் பிள்ளைகள் கவுன்சிலருக்கே போர்த்துவது என்று முடிவாயிற்று. அவர் பேசிய பேச்சை எப்படித் திருப்புவது? கவுன்சிலரே வழி சொன்னார். அன்றைக்குப் பேசிய அளவு நேரம் மைக் முன்னால் பேசாமல் நின்றார், எல்லாப் பொன்னாடைகளையும் போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க. இதுவரை அவர் பேசியதிலேயே இதுதான் நன்றாக இருந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

கடைசியில் ஞானராஜ் எழுந்து பெரிய விஷயம் ஒன்றைக் கிளப்பினார். நாம் சந்தோஷப்பட்ட இத்தனை நாளும் பூலான்விளைக்காரர்கள் அழுதிருப்பார்கள். அது நாம் அழ வேண்டிய அழுகை. நமக்குப் பதிலாக அவர்கள் அழுதிருக்கிறார்கள். கோப்பையை மட்டும் கொடுத்துவிட்டு இதை அப்படியே விட்டால் விளையாட்டு உணர்வு ஆகுமா?

கூட்டம் வெட்கித் தலைகுனிந்தது.

வியாழக்கிழமை காலையில் ஊரே பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்றது. ஞானராஜ் விசில் ஊதினார். யாருக்கும் அழுகை வரவில்லை. டீக்கடைக்காரர் எதற்கென்று நினைத்து அழ வேண்டும் என்று கேட்டார். தோற்றதை நினைத்து என்றார் ஞானராஜ். ஜெயித்ததுதானே ஞாபகம் இருக்கிறது என்றார் டீக்கடைக்காரர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் மூக்கைச் சிந்திச் சிந்தி, தோள் குலுங்க அழுதாள். பேச்சியம்மாள். மகளின் அடுத்த வருஷத்தை நினைத்து அவள் அழுத அழுகையை ஊருக்கே பொதுவாக வைத்துக்கொண்டு, கைதட்டிக் கலைந்தார்கள்.

சனிக்கிழமை ஊர்வலம் கிளம்பியது. எல்லாரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். மேளக்காரர் வாழைப்பழ வண்டிக்குள் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் டீக்கடைக்குள் நுழைந்து, பாய்லரில் முதுகு பட்டு, இருமினார். இருமல் அவர் பொறுப்பில் இருந்ததால் யாரும் குறைசொல்லவில்லை. பஸ்ஸையும் பின்பக்கமாக ஓட்டச் சொன்னார்கள். டிரைவர் மாட்டேன் என்றுவிட்டார். சீட்டில் முட்டி போட்டுப் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பூலான்விளை போய்ச் சேர்ந்தார்கள்.

பூலான்விளை, மொட்டைக்குறிச்சியோடு தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். அதனால் அங்கேயும் இவர்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. தலைமையாசிரியை ரோஸ்லின் டீச்சர் வாசலுக்கு வந்து, வந்தவர்களின் முதுகுகளுக்கு வணக்கம் சொன்னார்.

பள்ளி மண்டபத்து மேடையில் கோப்பையை யார் கொடுப்பது? வாங்கியது ரோபோ, ஆகவே ரோபோதான் கொடுக்க வேண்டும்.

"அதுக்குக் கொடுக்கத் தெரியாது சார்," என்றாள் முகிலா. "எடுக்க மட்டும்தான் தெரியும்."

"கொடுக்கிற இடத்துல கொண்டுபோய் நிறுத்து. தானா கத்துக்கிடும்," என்றார் ஞானராஜ்.

கோப்பையைப் பூலான்விளைக்காரர்கள் பக்கம் தரையில் வைத்தார்கள். மொட்டைக்குறிச்சி ரோபோ உருண்டு போனது. கோப்பையைக் கவ்வியது. சமர்த்தாகத் தன் பக்கம் கொண்டுவந்து வைத்தது. மண்டபம் கைதட்டியது, விளையாட்டு உணர்வோடு. இப்போது பூலான்விளை ரோபோ கிளம்பியது. அதுவும் இதே பாடம் படித்ததுதான். போய்க் கவ்வித் தன் பக்கம் கொண்டுபோனது. அதற்கும் கைதட்டல். மறுபடி இது. மறுபடி அது. தட்டித் தட்டி எல்லார் உள்ளங்கையும் சிவந்தது. கடைசியில் நடுக்கோட்டில் இரண்டும் ஆளுக்கொரு கைப்பிடியைக் கவ்விக்கொண்டு, சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டன.

ரோஸ்லின் டீச்சர் நல்ல மனுஷி. கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கோப்பை உங்ககிட்ட இருந்தா என்ன, எங்ககிட்ட இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதான் சார்."

தலைமையாசிரியர் ஞானராஜின் காதருகே போனார். "ரெண்டு ஊர்லயும் இருக்கணும்ங்காவ வே."

"கோப்பை ஒண்ணுதான இருக்கு?"

"அறுத்துட்டா?" என்றார் கவுன்சிலர்.

"அறுத்தா ஒண்ணுலயும் தண்ணி நிக்காது," என்றார் தலைமையாசிரியர். இதுவரை அந்தக் கோப்பையில் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தாகம் எடுத்தது போல் இருந்தது.

மணி ஆகிக்கொண்டிருந்தது. முகிலா ரிமோட்டைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள். பேச்சியம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்றைக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நடுவர் மறுபடி டீ குடிக்கப் போக மாட்டார் என்று என்ன நிச்சயம்? இன்னொரு தடவை பின்பக்கமாக நடக்க அவள் முழங்காலுக்குத் தெம்பில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். வந்த டவுன் பஸ் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

யாரும் கேட்காமல் அவள் வாயைத் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சார், அந்த பஸ்சு ரெண்டு ஊருக்கும் போகுதுல்லா."

மண்டபமே ஜன்னலுக்கு ஓடி பஸ்ஸைப் பார்த்தது. பிறகு எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கோப்பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இரண்டு ரோபோக்களும் கவ்விப் பிடித்தபடியே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சாயங்காலம் செயலாளர் ரோஸ்லின் டீச்சருக்குப் போன் செய்து கோப்பை எங்கே என்று கேட்டார். அந்த நேரம் பஸ் பூலான்விளையில் நின்றது. எட்டிப் பார்த்துவிட்டு, இங்கேதான் இருக்கிறது என்று உண்மையையே சொன்னார் டீச்சர். முகிலாவின் அடுத்த வருஷம் தப்பித்தது.

அன்றிலிருந்து பஸ் மொட்டைக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் மொட்டைக்குறிச்சி ஜெயிக்கும். மேளம், வெடி, லட்டு. பஸ் கிளம்பியதும் தோற்றுவிடும். ஞானராஜ் விசில் ஊத, எல்லாரும் வரிசையில் நின்று அழுவார்கள். அதே நேரம் அங்கே பூலான்விளையில் மேளத்தைத் தோளில் மாட்டத் தொடங்கியிருப்பார்கள். இப்போது பழக்கத்தில் அழுகை நன்றாகவே வருகிறது.

பேச்சியம்மாளுக்கு மட்டும் ஒரு கவலை தீரவில்லை. பாதி வழியில், ஊரே இல்லாத பொட்டலில், ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. பஸ் அங்கே பஞ்சராகி நின்றுவிட்டால்? பங்க்காரர்தானே ஜெயித்தவர்? பாவம், ஒரு முன்னேற்பாடும் இல்லாமல் அந்த மனிதர் திடீரென்று ஜெயித்தால் என்ன செய்வார்?

இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டாள். மூன்றாம் நாள் பஸ் ஏறி அங்கே இறங்கி, பங்க்காரர் கையில் ஒரு டப்பா லட்டும் ஒரு கைக்குட்டையும் கொடுத்தாள்.

"பஸ் நின்னா லட்டு," என்றாள். "கிளம்பிட்டா கைக்குட்டை."