கூழாங்கல் கவ்விய கவுதாரிக் குஞ்சு

உடைமரக் காட்டில் ஒரு கவுதாரிக் குடும்பம் இருந்தது. அம்மா பெயர் செம்பி. அப்பா பெயர் வரியன். குஞ்சுகள் ஆறு. ஐந்து குஞ்சுகள் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆறாவது குஞ்சு சில்லான். அவனும் கேட்பான்தான். ஆனால் பாதி கேட்பதற்குள் குறுக்கே ஒரு வண்டு போய்விடும்!

கவுதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வானத்தில் வல்லூறு தெரிந்தால் குஞ்சுகள் ஓடக் கூடாது. அம்மா ஒரு குரல் கொடுப்பாள். உடனே எல்லாரும் இருந்த இடத்திலேயே மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் அசையாத கவுதாரியும் மண்கட்டியும் ஒன்றுதான். அசைந்தால் போச்சு!

செம்பி தினமும் காலையில் குஞ்சுகளைப் பழக்கினாள். ஐந்து குஞ்சுகள் படுத்தது படுத்தபடி கிடந்தன. சில்லானோ பத்து எண்ணுவதற்குள் இறகைக் கோதுவான், காலைச் சொறிவான், "அம்மா, எறும்புக்கு முட்டி இருக்கா?" என்று கேட்பான்.

அந்த வாரம் பக்கத்துப் பாறையில் ஒரு வல்லூறு வந்து குடியேறியது. இப்படியே இருந்தால் முதலில் மாட்டுவது சில்லான்தான் என்று செம்பிக்குத் தெரியும்.

"சில்லா, இங்க வா! எத்தனை தடவை சொல்றது? வல்லூறு வந்தா படுக்கணும். படுத்தா அசையக் கூடாது. இறகைச் சேர்த்து வச்சுக்கணும். தும்மல் வந்தாலும் அடக்கிக்கணும். நேத்து என்ன பண்ணினே? முந்தாநேத்து என்ன பண்ணினே? உங்க அண்ணனைப் பாரு, அக்காவைப் பாரு..."

அவள் பேசி முடித்தபோது மர நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. சில்லான் அதற்கு வெகுநேரம் முன்பே போயிருந்தான்.

பக்கத்துப் புதரில் நீளி என்ற முயல் இருந்தாள். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவள் காதுக்கு எட்டிவிடும். "எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! ரெண்டு தட்டு தட்டு, தானா அடங்குவான்!" என்றாள்.

செம்பி தட்டியும் பார்த்தாள். சில்லான் அழுதான். அழுதபடியே இன்னும் அதிகமாகத் துள்ளினான். செம்பிக்கும் அழுகை வந்துவிட்டது.

"விடு செம்பி! நானும் சின்ன வயசுல இப்படித்தான். அப்ப எங்கம்மா என்ன பண்ணுவாங்கன்னா... அடடே, கரையான்!" என்று வரியன் ஓடிவிட்டான். மீதிக் கதையை அவள் இன்றுவரை கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் செம்பிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ஒரு புதர் ஓரமாக உட்கார்ந்து சில்லானைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். அலகில் ஒரு சின்னக் கூழாங்கல். அதை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தான். செம்பி எண்ணிப் பார்த்தாள். பத்து ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. கல் மட்டும்தான் அசைந்தது, பிள்ளை அசையவில்லை!

"எப்படிடா இவ்வளவு நேரம் படுத்திருந்தே?"

"கல்லு உருளுதும்மா. அது உருண்டா நான் உருள வேண்டாம்!"

மறுநாளிலிருந்து செம்பி பிரசங்கத்தை நிறுத்திவிட்டாள். சில்லானுக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமோ, அதைவிட அவளுக்கு இது கஷ்டமாக இருந்தது. கிட்டப் போவாள், சிறகால் தொடுவாள், "சில்லா, கல்லு!" என்பாள். அவ்வளவுதான். அவனும் கல்லைக் கவ்விக்கொண்டு படுப்பான். பத்து எண்ணும்வரை கிடந்தால், "சபாஷ்டா!" என்பாள். முதல் தடவை அதைக் கேட்டபோது, அண்ணனைத்தான் சொல்கிறாளோ என்று சில்லான் திரும்பிப் பார்த்தான்.

சில நாள் கல்லை மறந்தான். ஒருநாள் விழுங்கியே விட்டான். கவுதாரி வயிற்றுக்குக் கல் ஒன்றும் புதிதில்லை. செம்பி வேறு கல் பொறுக்கிக் கொடுத்தாள். அவன் மேயும் இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குவித்தும் வைத்தாள்.

"பிள்ளையை வளர்க்கச் சொன்னா கல்லு பொறுக்குறா!" என்று நீளி சிரித்தாள்.

"ஆமா நீளி, உருண்டையா ஏதாவது கண்ணுல பட்டா சொல்லு!" என்றாள் செம்பி.

ஒருநாள் காலை வல்லூறு வந்தேவிட்டது. செம்பி குரல் கொடுத்தாள். ஐந்து குஞ்சுகள் படுத்துவிட்டன. வரியனும் எங்கேயோ படுத்துவிட்டான். சில்லான் மட்டும் வெட்டவெளியில் ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"எத்தனை தடவை..." என்று பழைய பேச்சு முழுவதும் செம்பியின் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். ஓடிப்போய்ச் சிறகால் தொட்டாள். "சில்லா, கல்லு!"

சில்லான் கல்லைக் கவ்விக்கொண்டு படுத்தான். அவளும் பக்கத்தில் படுத்தாள். வல்லூறின் நிழல் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது.

செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை அசைகிறானோ? கொஞ்சம் பார்த்தால் என்ன? மெல்லக் கழுத்தைத் தூக்கினாள். நிழல் நேராக அவளை நோக்கித் திரும்பியது!

"அம்மா, தலை!" என்றான் சில்லான், கல்லை விடாமலே.

செம்பி சட்டென்று மண்ணில் அமுங்கினாள். நிழல் அவர்கள் மேலேயே தயங்கித் தயங்கி நின்றது. பிறகு மலைப்பக்கம் போய்விட்டது.

செம்பி எழுந்து குஞ்சுகளை எண்ணினாள். ஆறும் இருந்தன. சில்லானைச் சிறகுக்குள் இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"நீ ஏம்மா தலையைத் தூக்கினே?"

"நீ அசையுறியான்னு பார்க்கத்தாண்டா!"

சில்லான் கொஞ்சம் யோசித்தான். ஓடிப்போய் நல்ல கூழாங்கல்லாக ஒன்றைப் பொறுக்கிவந்து அம்மாவின் முன்னால் வைத்தான்.

"உனக்கும் ஒண்ணு வச்சுக்கோம்மா!"

சும்மா இருக்க முடியாத பிள்ளையை நீண்ட பேச்சும் அடியும் அடக்காது. கிட்டப் போய்ச் சொல்லும் இரண்டு வார்த்தையும், அவனுக்கு ஒத்துவரும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுமையும்தான் அவனைக் காக்கும்.