ஒன்றும் நடக்காத தட்டு

டாக்டர் தாயுமானவன் கத்தி பிடித்தே பேர் வாங்கியவர். திருச்சியில் புராஸ்டேட் அறுவை என்றால் அவரைத்தான் தேடிப் போவார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார் என்றால், காரணம் அவருடைய அண்ணன். அண்ணனுக்குப் புராஸ்டேட்டில் வந்த புற்றைச் சுத்தமாக வெட்டி எடுத்த பிறகும் அது எலும்பில் தலைகாட்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜெசிந்தா வயதில் அவருக்கு இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"புற்றைக் கொல்ல எது நல்ல வழி, மேடம்?" என்று முதல் நாளே கேட்டார் தாயுமானவன்.

பதிலுக்கு ஜெசிந்தா ஒரு வேலை கொடுத்தார்.

செல்லைப் பெருகச் சொல்லும் கட்டளையை அணைத்து வைக்கிற புரதம் ஒன்று உண்டு. பி-டென் என்று பேர். அண்ணனின் கட்டியில் அது தொலைந்து போயிருந்தது. அதே மாதிரி அந்தப் புரதத்தை இழந்த புற்றுச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, பாதித் தட்டுகளில் மட்டும் அதற்கான மரபணுவைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

சில நாள் கழித்துத் தாயுமானவன் தட்டுகளோடு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"கெட்டுப்போச்சு மேடம். சும்மா விட்ட தட்டுல செல்லெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. மரபணு வச்சதுல ஒண்ணுமே நடக்கலை. எங்கேயோ கைதவறிக் கொன்னுட்டேன் போல. கொட்டிடட்டுமா?"

"செத்துப்போச்சான்னு பாத்தீங்களா?"

"பாக்கலை."

ஜெசிந்தா அந்தத் தட்டிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து ஒரு துளி நீலச் சாயம் சேர்த்தார். செத்த செல் சாயத்தை உள்ளே விட்டுவிடும். உயிருள்ளது விடாது.

தாயுமானவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நீலம் ஏறலை. பெரும்பாலும் உயிரோடதான் இருக்கு. அப்புறம் ஏன் பெருகாம உட்கார்ந்திருக்கு?"

ஜெசிந்தா திசு ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். "இதைப் பாருங்க."

"நோயில்லாத ஆளோட புராஸ்டேட்."

"வயசு எழுபதுக்கு மேல. என்ன நடக்குது அதுல?"

"விசேஷமா ஒண்ணும் இல்லை. அதது அதது இடத்துல வரிசையா இருக்கு."

"எத்தனை காலமா?"

"ஆயுசு பூரா."

"தானாவா இருந்தது, டாக்டர்? பெருகு பெருகுன்னு கட்டளை வந்துக்கிட்டேதான் இருந்திருக்கும். பி-டென் மாதிரி சில புரதங்கள் கூடவே நின்னு, போதும் போதும்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

தாயுமானவன், கொட்டவிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்து இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

"அப்ப இது அண்ணனுக்கு மருந்தாகுமா?"

"இன்னைக்கு ஆகாது. மரபணுவைத் தட்டுல வைக்கிறது வேற, ஒரு மனுஷனோட எலும்புக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிறது வேற. அந்தக் கட்டளையை வேற வழியா அணைக்கிற மாத்திரைகளைச் சோதிச்சுக்கிட்டு இருக்காங்க. நாமளும் தேடிக்கிட்டு இருக்கோம்."

தாயுமானவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் அண்ணன் போன் பண்ணுவார், மேடம். கெட்டுப்போன செல்லை என்னடா பண்ண முடியும்னு கேப்பார். நான் என்ன சொல்ல?"

ஜெசிந்தா கையுறையைக் கழற்றினார்.

"கெட்டுப்போனாலும் அதுக்குக் காது போகலைன்னு சொல்லுங்க. போதும்னு சொல்ல ஆள் வந்தா நிக்குது. நீங்களே பாத்தீங்கல்ல."