பாதி முகவரி

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அருளாந்துவுக்குக் குரு நிலோஃபர். சீடரைவிட வயதில் இருபது குறைவு. அதனாலென்ன, வண்டிகளோடு செய்தி பரிமாறும் சாக்கெட் இணைப்பு, அதற்கான நிரல் என்று வந்துவிட்டால் நிலோஃபர் வைத்ததுதான் சட்டம்.

அன்று காலை அருளாந்துவின் புதிய நிரல், ஒரு வண்டிக்குத் தெருப் பெயரை அனுப்பிவிட்டுக் கதவு எண்ணை விழுங்கிவிட்டது. ஓட்டுநர் செல்லையா தெருமுனையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். பிரசவ வலியில் துடித்த பெண்ணை அக்கம்பக்கத்தார்தான் ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் புண்ணியம். அருளாந்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு வண்டி முழுசா வாங்கிக்கிற வரைக்கும் நின்னு காத்திருக்குமே, அந்தப் பழைய முறைக்கே மாத்திடட்டுமாம்மா?"

"ஒரு வண்டி சிக்னல் இல்லாத இடத்துல மாட்டினா மத்த எல்லா வண்டியும் நிக்குமே. அதுக்குப் பயந்துதானே மாத்தினீங்க?"

"ஆனா இது பொய் சொல்லுதே. அனுப்புன்னேன், சரின்னுச்சு. பாதிதான் போயிருக்கு."

நிலோஃபர் ஒரு பாட்டிலில் புனலைச் செருகி, சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்கண்ணே."

ஊற்றினார். புனல் விளிம்புவரை நிறைந்ததும் சொம்பை நிமிர்த்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"வழியுதேம்மா."

"அப்போ மிச்சத்தைக் கொட்டிடலாமா?"

"எதுக்கு? இது இறங்கினதும் ஊத்தினாப் போச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எவ்வளவு வாங்கிக்கொண்டேன் என்று சாக்கெட் ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொல்லித்தான் இருக்கிறது. அவர்தான் அதைப் பார்க்காமல் மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அது சரி. அப்புறம் செல்லையா வண்டியிலருந்து பதில் வந்திருக்கான்னு படிக்கப் போனேன். 'இப்போதைக்கு ஒண்ணுமில்லை'ன்னு சாக்கெட் சொல்லுச்சு. ஆள் போயிட்டார்னு இணைப்பை வெட்டிட்டேன். அதுல என்னம்மா தப்பு?"

நிலோஃபர் பதில் சொல்லவில்லை. மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அருளாந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு புனலைப் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருந்தது. மிச்சத்தை ஊற்றி முடித்துவிட்டு மறுபடியும் முகத்தைப் பார்த்தார். நிலோஃபர் துணியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான்தான் வாயே திறக்கலையே. நீங்க ஏன் கிளம்பிப் போகலை?"

"நீங்க இங்கேதானேம்மா இருக்கீங்க?"

"செல்லையாவும் அந்தத் தெருமுனையிலதாண்ணே இருந்தார்."