சுவரில் எழுதிய பேர்

செங்கமலநாதன் பள்ளிக்கூடத் தாளாளர். கொசுவலை தானம் கொடுத்தாலும் அதில் தன் பேரைத் தைத்துக் கொடுக்கிற மனுஷன். பள்ளிக்கூட வாசலில் அவர் கட்டிய சுவரில் ‘உபயம்: செங்கமலநாதன்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அந்தச் சுவர் பாதைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே வர வேறு வழியும் கிடையாது.

“இடிச்சிடலாம் ஐயா,” என்று கெஞ்சினார் தலைமையாசிரியை சுகிர்தா.

“என் பேர் இருக்கிற சுவரையா?”

“பிள்ளைங்க மேல விழுந்தா?”

“விழுந்தா போலீஸ் உங்களைத்தானேம்மா தேடும்? போய் வேலையைப் பாருங்க.”

சுகிர்தா பெயின்டரைக் கூப்பிட்டு, தாளாளர் பேருக்குக் கீழே ஒரு வரி எழுதவைத்தார்: ‘சுவர் விழுந்தால் அதுவும் இவர் உபயமே.’

காலையில் பெற்றோர் கூடி நின்று சிரித்தார்கள். தாளாளர் காரில் பறந்து வந்தார்.

“உடனே அழிங்க!”

“எதுக்கு ஐயா அழிக்கணும்? சுவரை இடிச்சா எழுத்தும் சேர்ந்தே போயிடுமே.”

கூட்டம் கைதட்டியது. தாளாளர் காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் அவருடைய ஆள் வந்தான். சுவரைத் தொடவில்லை. இரண்டு வரியையும் வெள்ளையடித்து மறைத்துவிட்டு, ‘பொறுப்பு: தலைமையாசிரியை சுகிர்தா’ என்று எழுதிவிட்டுப் போனான்.

மறுநாள் பிள்ளைகள் வரும் நேரத்தில், சுகிர்தா தன் பேருக்கு முதுகைக் காட்டியபடி, சுவருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.