கோப்பையைச் சுமந்த தாள்

பள்ளித் தாளாளர் ஏகாம்பரம் நடுவராக அமர்ந்தால், அறிவியலும் எழுந்து கைகட்டி நிற்க வேண்டும். அன்றைய கண்காட்சியில் அவருடைய பேரன் நிதர்சன், கடையில் வாங்கிய தெர்மாகோல் பாலத்தோடு நின்றான். பக்கத்து மேஜையில் ஒன்பதாம் வகுப்பு அமுதரசி, பழைய தாள்களை மடித்துக் கட்டிய பாலத்தோடு நின்றாள். வெல்பவர் மட்டுமே மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

"குப்பையெல்லாம் பாலமா?" என்றார் ஏகாம்பரம். "ஒரே ஒரு தாள். பசை கூடாது, குச்சி கூடாது. பரிசுக்கு வச்சிருக்கிற இந்தப் பித்தளைக் கப்பை அது தாங்கட்டும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

"சரிங்க ஐயா. தாளை மட்டும் உங்க கையால குடுத்துடுங்க. அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க."

அவர் தம் ஃபைலிலிருந்து ஒன்றை உருவி, பார்க்காமலே நீட்டினார்.

அமுதரசி அதை விசிறிபோல நெருக்கமாக மடித்தாள். தட்டையாகக் கிடந்தால் வளையும் தாள், மடிப்புகளாக எழுந்து நின்றால் சுமக்கும். இயற்பியலுக்குத் தாளாளர் யாரென்று தெரியாது. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே அதை வைத்து, மேலே கோப்பையை ஏற்றினாள். தாள் அசையவில்லை.

வியந்து குனிந்த தலைமையாசிரியை, மடிப்பில் தெரிந்த வரியை வாய்விட்டுப் படித்தார்: "பாலம் அமைத்தல், முதல் பரிசு, நிதர்சன்..."

இன்னும் ஒருவருக்கும் மதிப்பெண் போடவில்லை. கூட்டம் மேஜையைச் சுற்றி நெருங்கியது.

"குடு அதை!" என்று பாய்ந்தார் ஏகாம்பரம்.

"எடுத்தா கப்பு விழுந்துடும் ஐயா. எல்லாரும் படிச்சு முடிக்கட்டுமே."

தலைமையாசிரியை மாவட்டப் படிவத்தில் அமுதரசியின் பெயரை எழுதி முடிக்கும்வரை, கோப்பை அங்கேயே இருந்தது.